பழைய டபிள்யூஆர்எக்ஸும் முந்தைய ஓனரின் வலது காலும்

பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கப் போன முதல் வண்டியின் பானெட் சூடாக இருந்தது. காலை எட்டு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே போனில் சொல்லியிருந்தேன். “பேட்டரி சார்ஜ் ஆகட்டுமேன்னு சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்” என்றார் விற்பவர். வண்டி பளபளவென்று நின்றது. நீல நிறம், பொன்னிற வீல்கள், பானெட்டில் காற்றை உள்ளிழுக்கும் அந்தப் பெரிய வாய். சின்ன வயதில் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல இருந்தது. இரண்டு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டேன். நான் யோசித்து எடுத்த நல்ல முடிவுகள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி, வைத்த பழைய இன்ஜின், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து எழும்பும் முதல் அரை நிமிடத்தில்தான் தன் வயதைச் சொல்லும். சூடாகிவிட்டால் எல்லா இன்ஜினும் யோக்கியன் மாதிரி பேசும். குளிரில் லேசாக ‘டக டக’ என்று ஒரு சத்தம் வந்து, சூடு ஏற ஏற மறைந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. இந்த வகை இன்ஜின்களில் அது சகஜம், அதோடு வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடியிலிருந்து கனமாக ஒரு இடி வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சேர்ந்து வேகமெடுத்தால், பிஸ்டனைத் தாங்கும் தண்டின் (கனெக்டிங் ராட்) பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் நொடியில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. இதையெல்லாம் மறைக்க ஒரு கால் மணி நேர ஓட்டம் போதும். அந்த மனிதர் எதையும் மறைத்தார் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்துவிட்டார்.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. 2002 மாடல் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், வட்டக் கண் முகப்பு, இரண்டு லிட்டர் டர்போ, ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம். வெள்ளி நிறம். நீலம் கிடைக்கவில்லையே என்று அப்போது கொஞ்சம் வருத்தம்தான். 1,30,000 கி.மீ. ஓடியிருந்தது, மூன்று கை மாறியிருந்தது. இன்ஜின் ஜில்லென்று இருந்தது, விற்பவரிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. தேதி, கிலோமீட்டர், மாற்றிய ஆயில் எல்லாம் கையால் எழுதியது. எழுத்து மோசம், கணக்கு நேர்த்தி.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே ஒன்று சொன்னார்: “தம்பி, இந்த மாதிரி வண்டி வாங்குறப்போ, முன்னாடி ஓட்டினவனோட வலது காலையும் சேர்த்துத்தான் வாங்குறே.” சாதாரணக் காரில் முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பது பெரிய விஷயமில்லை, மிஞ்சிப் போனால் கிளட்ச் தேய்ந்திருக்கும். இந்த வண்டிகளை வாங்குகிறவர்களோ மிதிப்பதற்காகவே வாங்குகிறார்கள். மிதித்ததில் தப்பில்லை. மிதித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

அண்ணன் செய்த சோதனைகளைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார். எண் எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைத்தான் கவனித்தார். சந்தேகம் வந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் லீக்-டவுன் டெஸ்ட்: சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, அது எங்கே கசிகிறது என்று காதால் கேட்பது. எக்ஸாஸ்ட்டில் கேட்டால் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அப்புறம் காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கச் சொன்னார். யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி திக்கித் திணறினால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியலில் கோளாறு. நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்தானா, எல்லாம் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று அளந்தார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிற்பாடு காசு கொடுத்துப் புரிந்துகொண்டேன், அதற்கு வருகிறேன். கடைசியாகப் பின் சக்கர வளைவுகளின் உள்பக்கத்தில் விரலை விட்டு துரு தேடினார். சாலையில் உப்பு தூவும் ஊர்களிலும் கடலோரங்களிலும் ஓடிய வண்டிகள் முதலில் அங்கேதான் அரிக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு ஓட்டை. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதாக ஒரு வரியும் இல்லை. இந்த இன்ஜினுக்கு லட்சம் கி.மீ.யில் மாற்றச் சொல்வார்கள். பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுபோவதோடு முடியாது, வால்வுகளும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். வீட்டுக்கு வந்த அன்றே பெல்ட், அது ஓடும் உருளைகள், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றக் கொடுத்தேன். கழற்றிய உருளைகளில் ஒன்றைக் கையில் சுழற்றினால் மணல் அரைக்கிற மாதிரி கரகரத்தது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு உருளைகளை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த உருளை இறுகியிருந்தால் புதுப் பெல்ட்டையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

இந்த வண்டிமேல் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1980இல் ஆடி குவாட்ரோ வந்ததிலிருந்து நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் ராலியில், அதாவது மூடிய சாலைகளிலும் மண்தடங்களிலும் நேரத்தோடு போட்டி போடும் கார்ப் பந்தயத்தில், ஜெயிப்பது கஷ்டம் என்றாகிவிட்டது. குரூப் பி என்ற கட்டுக்கடங்காத ராலி கார் வகை 1986ஓடு முடிந்தது. அதன்பின் முதலிடத்துக்கு வந்த குரூப் ஏ விதிப்படி, ராலியில் ஓட்டும் மாடலை முதலில் 5,000 எண்ணிக்கையாவது பொதுமக்களுக்காகத் தயாரிக்க வேண்டும். பிறகு அது 2,500 ஆனது. அதனால்தான் டர்போ, அது தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலர், நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்ந்த வண்டிகள் கடை வாசலுக்கே வந்தன. லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை ஆறு வருஷம் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டத்தை அள்ளியது. 1992இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸும் வந்தன. 1995இல் சுபாரு அணியின் காலின் மெக்ரே, அதே அணியிலிருந்த கார்லோஸ் சைன்ஸைத் தாண்டி 27 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அந்த நீல நிற இம்ப்ரெசாவின் படம்தான் என் சுவரில் இருந்தது. 2001இல் ரிச்சர்ட் பர்ன்ஸும் 2003இல் பெட்டர் சோல்பெர்க்கும் அதே நீலத்தில் பட்டம் வாங்கினார்கள்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1997இல் உலக ராலி கார் விதிகள் வந்தபின், ராலி வண்டிக்கும் கடையில் விற்ற வண்டிக்கும் இருந்த நேரடி ரத்த உறவு தளர்ந்துவிட்டது. என் 2002 மாடல் ராலி வண்டிக்குத் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் படுக்கை வசத்தில் கிடக்கும் பாக்ஸர் இன்ஜின், நீளம் சமமில்லாத எக்ஸாஸ்ட் குழாய்களால் வரும் அந்த ‘குடுகுடு’ உறுமல் எல்லாம் குடும்பச் சொத்து. என் அம்மா முதல்முறை கேட்டபோது, “வண்டிக்கு உடம்பு சரியில்லையா?” என்றார்.

இன்னொரு விஷயம், வாங்கியபின்தான் எனக்கு உறைத்தது. அப்போதைய உலக ராலியில் டர்போவின் வாயில் 34 மி.மீ. துளை கொண்ட அடைப்பான் போட்டிருந்தார்கள். அதற்குமேல் காற்று போகாது. அதனால் அந்தக் காலத்து ராலி வண்டிகளின் சக்தி ஏறக்குறைய 300 குதிரைத்திறன் அளவில்தான் நின்றது. இன்று சாலையில் ஓடும் பல செடான்களிலேயே அவ்வளவு உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, அதாவது கீழ் ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும் இழுவிசை (டார்க்), நல்ல சஸ்பென்ஷன், டிஃபரென்ஷியல், டயர் இவைதான் அவற்றை வேகமாக ஓட வைத்தன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பாயும் மெக்கானிக் கூட்டம் வேறு, கியர்பாக்ஸையே நிமிடக் கணக்கில் மாற்றிப் போடும். பழைய டபிள்யூஆர்எக்ஸ் வாங்கியவுடன் நம்மில் பலர் செய்யும் முதல் காரியமோ, டர்போ அழுத்தத்தைக் கூட்டுவது. ராலி வண்டியில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அதில் இல்லாத ஒன்றைத் துரத்துகிறோம்.

என் வண்டியின் முந்தைய ஓனரும் துரத்தியிருந்தார். ஆயில் மாற்றுவதில் இருந்த ஒழுங்கு அவருக்கு மற்றதில் இல்லை. சைலன்சரை மாற்றியிருந்தார், ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டு வெளியே தெரியும் காளான் மாதிரி ஒன்றைப் பொருத்தியிருந்தார், கியர் மாற்றும்போது ‘ப்ஷ்ஷூ’ என்று காற்றை வெளியே துப்பும் வால்வு ஒன்றும் போட்டிருந்தார். இந்தச் சத்தத்துக்காக மட்டுமே பாதி பேர் டர்போ வண்டி வாங்குகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். முதல் மாதம் நானும் ரசித்தேன், இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு ஒரு வெயில் நாளில் மலையேற்றம். நாலாவது கியர், 2,500 ஆர்பிஎம், கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு முழுக்க மிதித்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். ஒரு விநாடிதான். காலை எடுத்தேன், நின்றது. மறுபடி மிதித்தேன், மறுபடி வந்தது. பெட்ரோலும் காற்றும் தீப்பொறி பரவும் ஒழுங்கில் எரியாமல், நினைத்த இடத்தில் வெடிப்பதன் சத்தம் அது. நாக்கிங் என்பார்கள். டர்போ இன்ஜினில் பிஸ்டனின் ரிங் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள வரம்புகளை உடைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

காரணம் அந்தக் காளான்தான். இந்த வண்டி உள்ளே வரும் காற்றை ஒரு சென்சாரால் அளந்து, அதற்கேற்ப பெட்ரோலைத் தெளிக்கிறது. சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் அகலமோ காற்று போகும் விதமோ மாறினால் அளவு தப்பும். காற்று அதிகமாக உள்ளே போக, கம்ப்யூட்டர் குறைவாகக் கணக்கிட்டு பெட்ரோலைக் குறைத்துவிடும். வேறு ஃபில்டர் போட்டால் வண்டியை டைனோவில், அதாவது சக்தியை அளக்கும் உருளை மேடையில் ஓடவிட்டு, இசியு எனும் அந்தக் கம்ப்யூட்டரை அதற்கேற்ப ட்யூன் செய்ய வேண்டும். செய்திருந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அந்த ‘ப்ஷ்ஷூ’ வால்வும் இதே கணக்கைத்தான் வேறு திசையில் குழப்புகிறது. ஏற்கெனவே அளந்து உள்ளே விட்ட காற்றை அது வெளியே கொட்டிவிடுவதால், அந்தக் கணத்தில் பெட்ரோல் கூடிப்போய் எக்ஸாஸ்ட்டில் ‘பட் பட்’ என்று வெடிக்கும். அதைக் கேட்டு நான் ராலி சத்தம் என்று பூரித்திருக்கிறேன்.

பழைய ஒரிஜினல் ஃபில்டர் பெட்டியையும், காற்றை உள்ளேயே திருப்பி அனுப்பும் ஒரிஜினல் வால்வையும் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. எல்லோரும் கழற்றித் தூக்கி எறிவதால் ஒரிஜினல் பாகத்துக்குத்தான் இப்போது கிராக்கி. ஆகவே இந்த வகை வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: மாற்றம் செய்த வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் யார் ட்யூன் செய்தார்கள், எப்போது, என்ன பெட்ரோலுக்கு, டைனோ காகிதம் எங்கே என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். ஒரிஜினல் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் மற்ற விஷயங்களிலும் கவனமானவராகத்தான் இருப்பார். வண்டி எந்த நாட்டுச் சந்தைக்காகத் தயாரானது என்பதையும் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல்கள் 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி ட்யூன் செய்யப்பட்டவை. அதில் மட்டமான பெட்ரோல் ஊற்றினால் நான் மலையில் கேட்ட சத்தம் உங்களுக்கும் கேட்கும். மாற்றங்களை இன்சூரன்ஸில் சொல்லிவிடுவதும் முக்கியம். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்றுதான் அந்தப் பேச்சு வரும்.

சரி, டயர் கதை. இதை மட்டும் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இது முழுக்க என் முட்டாள்தனம்.

ஒரு டயரின் பக்கச் சுவர் கல்லில் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்து நல்ல நிலையில் இருந்தன. ஒன்றே ஒன்று புதிது வாங்கிப் போட்டேன். எந்தக் காரிலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். புது டயரில் எட்டு மி.மீ. பட்டன், மற்றவற்றில் நான்கு. நான்கு மி.மீ. என்ன பெரிய வித்தியாசம்? கணக்குப் போட்டால் தெரியும். ஆரத்தில் ஒரு மி.மீ. குறைந்தால் சுற்றளவில் ஆறேகால் மி.மீ. குறையும். நான்குக்கு 25 மி.மீ. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தேய்ந்த டயர் புது டயரைவிட ஆறேழு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். சாதாரண முன்சக்கர இயக்கக் காரில் இது யாருக்கும் தெரியாது. இந்த வண்டியில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் அந்த நடு டிஃபரென்ஷியலோடு விஸ்கஸ் கப்ளிங் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே நிறைய மெல்லிய தகடுகளும் சிலிக்கான் திரவமும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் திரவம் சூடாகி இறுகி, இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடும். சேற்றில் சக்கரம் வழுக்கும்போது சில விநாடி செய்ய வேண்டிய வேலை அது. நான் அதை நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் இடைவிடாமல் செய்ய வைத்தேன்.

போய்ச் சேர்ந்து பார்க்கிங்கில் திருப்பும்போது வண்டி முரண்டு பிடித்தது. ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் கீச்சிட்டுக்கொண்டு துள்ளியது, பிரேக் பிடித்த மாதிரி நின்றது. அண்ணன் அன்றைக்கு வட்டமடிக்கச் சொன்னது இதற்குத்தான். கியர்பாக்ஸைப் பிரித்து அந்தக் கப்ளிங்கை மாற்ற ஆன செலவில் நான்கு டயர்கள் மூன்று முறை வாங்கியிருக்கலாம். சுபாரு கொடுக்கும் வரம்பு, சுற்றளவில் கால் அங்குல வித்தியாசம், அதாவது தேய்மானத்தில் ஒரு மி.மீ. சொச்சம். அதனால் ஒன்று போனால் நான்கையும் மாற்று, அல்லது அதே அளவு தேய்ந்த அதே மாடல் டயரைத் தேடு. சில நாடுகளில் புது டயரைச் சீவி மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். நான்கையும் சமமாகத் தேய வைக்க, ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுகிறேன்.

அன்றைக்கே இன்னொரு தவறும் நடக்க இருந்தது. வண்டியை எடுத்துப்போக வந்தவர், முன் சக்கரங்களை மட்டும் தூக்கிக் கட்டி இழுக்கப் போனார். நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்த வண்டியை அப்படி இழுத்தால் மிச்சமிருப்பதும் போகும். நான்கும் தரையில் படாமல் தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொரு லாரி வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இழுவை உதவிக்குப் போன் செய்யும்போதே முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிடுங்கள்.

காலியிடத்தில் ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி வண்டியைச் சுழற்றும் ஆசையும் இதனோடு சேர்ந்ததுதான். ராலி வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் நடு டிஃபரென்ஷியல் தானாக விடுபடும். நம் வண்டியில் விடுபடாது. பின் சக்கரத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்தை ஓடச் சொல்கிறோம், நடுவில் இருப்பவன் அடி வாங்குகிறான். கிளட்சை விட்டெறிந்து பாய்ந்து கிளம்புவதும் அப்படித்தான். மற்ற வண்டியில் டயர் வழுக்கிப் புகைந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். இதில் நான்கு சக்கரமும் தரையைக் கவ்வுவதால் வழுக்க இடமே இல்லை. அந்த அடி முழுதும் கிளட்சுக்கும் ஐந்து கியர் பெட்டியின் பற்களுக்கும் போகிறது. வாங்கிய வருஷம் ஒரு சிக்னலில் ஒரே ஒரு முறை செய்து பார்த்தேன். எரிந்த கிளட்சின் வாடை மூன்று நாள் வண்டிக்குள் இருந்தது.

ஓட்டும் அனுபவம் எப்படி? நகர நெரிசலில் சுமார்தான். கிளட்ச் கனம், டர்போ விழித்துக்கொள்ளும்வரை சோம்பல், பெட்ரோல் குடி. சாதாரணமாக லிட்டருக்கு ஒன்பது கி.மீ. கொடுக்கும், ஆசை வந்த நாளில் ஆறு. மழை பெய்த வளைவான சாலையில் போய்ப் பாருங்கள், அங்கே இதன் முகமே வேறு. வளைவின் நடுவிலிருந்து ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போது நான்கு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடித்து இழுப்பதை இடுப்பில் உணரலாம். மற்ற வண்டிகள் தயங்கும் இடத்தில் இது கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆபத்தும் அங்கேதான். நான்கு சக்கர இயக்கம் வேகம் எடுக்க உதவும், நிறுத்த உதவாது. பிரேக் பிடிப்பதற்கு எல்லாக் காருக்கும் நான்கு சக்கரம்தான். ஈரச் சாலையில் இவ்வளவு சுலபமாக வேகம் ஏறுவதால் சாலை வழுக்குகிறது என்பதே மறந்துபோகும். ஒரு மழை நாளில் இறக்கத்தில் வந்த வளைவுக்குள் வழக்கமான வேகத்தில் நுழைந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் முழுவதும் முன் அச்சுக்கு முன்னால் தொங்குவதால் மூக்குக் கனம் அதிகம். வேகமாக நுழைந்தால் அது வெளிப்பக்கமாகத் தள்ளும். எதிரே வண்டி வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். என் திறமை எதுவும் அதில் இல்லை.

அதன்பின்தான் மூடிய மண்தடம் ஒன்றில் ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். வண்டிக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது அது. பயிற்சியாளர், என் வண்டியில் பாதி சக்தி இருக்கும் ஒரு பழைய காரில் என்னைவிட வேகமாகச் சுற்றினார். அவர் கற்றுக்கொடுத்தது சுருக்கமாக இதுதான்: பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே நேர்கோட்டில் முடித்துவிடு, மூக்கில் எடை இருக்கும்போதே திருப்பு, வண்டி திரும்பியதை உணர்ந்த பிறகு மிதி. இடது காலால் லேசாகப் பிரேக் தொட்டு மூக்கை உள்ளே இழுக்கும் வித்தையையும் காட்டினார். கிளட்சை மிதித்தே பழகிய என் இடது காலுக்கு மென்மை என்றால் என்னவென்றே தெரியவில்லை. முதல் முயற்சியில் இருவர் நெற்றியும் கண்ணாடியைத் தொடப் பார்த்தது. இந்த வித்தையைச் சாலையில் நான் முயல்வதில்லை.

அன்று மதியம் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி, குமிழி இருந்தால் பெடலில் பிடிப்பு இருக்காது. முந்தைய ஓனரின் நோட்டில் பிரேக் ஆயிலுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

தினசரிப் பழக்கங்கள் கொஞ்சம்தான். தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் சில நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் சூடாக அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் முதல் கால் மணி நேரம் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டுவதில்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் டர்போவுக்கு அந்த ஆயில்தான் உயிர். ஆயிலை 5,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுகிறேன், அளவை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் பார்க்கிறேன். நாலு லிட்டர் சொச்சம் பிடிக்கும் இன்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால், வேகமான வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்புக்குக் காற்றுதான் கிடைக்கும். பாக்ஸர் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) படிப்பது தனிக் கலை. இரண்டு பக்கமும் இரண்டு அளவு காட்டும். குறைவாகக் காட்டுவதையே நம்புங்கள். வேகமாக ஓட்டிய பிறகு வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை, கடைசி இரண்டு மூன்று கி.மீ.யை மெதுவாக ஓட்டி வருகிறேன். இந்த வண்டியில் டர்போவைத் தண்ணீரும் குளிர்விக்கிறது, இன்ஜின் நின்ற பிறகும் சூட்டினாலேயே தண்ணீர் தானாகச் சுழன்று கொஞ்ச நேரம் ஆற்றும். மெதுவாக வந்தால் அதுவே போதும்.

ஸ்பார்க் பிளக் மாற்றும் வேலையை மட்டும் நீங்களே செய்யப் போகாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதால் பிளக் வாய், சட்டத்தை ஒட்டி ஒரு கை நுழையாத இடத்தில் இருக்கிறது. முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, விரல் தோலும் கொஞ்சம் போனது. ஆனால் அன்றைக்குத்தான் இந்த இன்ஜினின் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரிந்தது. இரண்டாவது முறையும் நானே செய்தேன்.

வண்டி என்னிடம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்ஜின் பிரிக்கப்படவில்லை. கிளட்ச் ஒரு முறை, அந்தக் கப்ளிங் ஒரு முறை, சஸ்பென்ஷன் புஷ்கள் முழுக்க ஒரு முறை. புஷ்களை மாற்றியதும் ஏதோ புது வண்டி மாதிரி ஆகிவிட்டது. குதிரைத்திறன் கூட்ட வைத்திருந்த பணம் அதற்குத்தான் போனது. இப்போது நோட்டுப் புத்தகம் என் கையெழுத்தில் தொடர்கிறது. என் கையெழுத்தும் அவருடையதைவிட ஒன்றும் மேல் இல்லை.

போன வாரத்திலிருந்து 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வருகிறது. இடப்பக்கம் திருப்பினால் கூடுகிறது, வலப்பக்கம் திருப்பினால் அடங்குகிறது. அப்படியென்றால் எடை ஏறுகிற வலப்பக்கப் பின் சக்கரத்தின் பேரிங். நோட்டில் எழுதிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை கழற்ற வேண்டும்.